கூட்டமில்லாத காமினோல ராத்திரி எங்க படுக்கறது? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஸ்பெயின் சாண்டியாகோ பாதயாத்திரை பத்தி, அதுலயும் கூட்டம் கம்மியா இருக்கற 'காமினோ பிரிமிட்டிவோ' (காமினோன்னா வழி) பத்தி நாலு பாரா எழுதினேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. முக்காவாசி பேருக்கு ஒரே கவலை தான், படுக்க இடம் கிடைக்குமா. போன இதழ் படிக்காதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன்: வடக்கு ஸ்பெயின்ல ஓவியேதோங்கற ஊர்ல கிளம்பி மலை மலையா ஏறி இறங்கி மேற்கால சாண்டியாகோ கதீட்ரல் வரைக்கும் சுமார் 320 கிலோமீட்டர், 12லேருந்து 14 நாள் நடை. அங்க இருக்கறது யாகப்பர் கல்லறைன்னு நம்பிக்கை, நம்ம ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் சந்தியாகப்பர்னு கும்பிடறாங்களே, அவரே தான். 9ஆம் நூற்றாண்டுல அஸ்தூரியாஸ் ராஜா இரண்டாம் அல்போன்சோ கல்லறையப் பாக்கப் போன வழிங்கறதால இதுக்கு முதல் வழின்னு பேரு. 2024ல சாண்டியாகோ போய் சான்றிதழ் வாங்கினவங்க கிட்டத்தட்ட 5 லட்சம் பேர், அதுல பாதிப் பக்கம் பிரான்ஸ் எல்லைப் பக்கம் கிளம்பற பிரெஞ்சு வழி, இந்த வழியா வந்தவங்க நூத்துக்கு அஞ்சு பேர் மாதிரி தான். சரி, கேள்விக்குப் போவோம்.

சேலம் வாசகர்: எனக்கு 59 வயசு. இருபது வருஷமா தைப்பூசத்துக்கு பழனி நடக்கறேன், ரூம்னு ஒண்ணு போட்டதே இல்ல, மண்டபம், திண்ணை, ஸ்கூல் வராந்தான்னு கட்டைய சாய்ச்சிட்டு விடிகாலைல எழுந்து போயிருவோம். அங்கயும் அப்படிப் போயிரலாமா, இல்ல எல்லா ராத்திரிக்கும் இங்கேருந்தே புக் பண்ணணுமா?

ரெண்டும் வேண்டாம்ணே. திண்ணைல படுக்கற கதை அங்க நடக்காது, ஓவியேதோ இருக்கற அஸ்தூரியாஸ் மாநிலம் பச்சைப்பசேல்னு இருக்கறதே மழையால தான், மே மாசம் கூட நசநசன்னு பெய்யும், ராத்திரி குளிரும். ஆனா நம்ம பழைய சத்திரம் மாதிரியே ஒண்ணு அங்க உசிரோட இருக்கு, 'அல்பெர்கே'ன்னு பேரு. ஹால் ஃபுல்லா மேல ஒண்ணு கீழ ஒண்ணா அடுக்கு கட்டில், பொது பாத்ரூம், துணி காயப்போட கொடி, அவ்ளோ தான். உள்ள விடணும்னா 'கிரெதென்சியால்'னு ஒரு யாத்திரை அட்டை கையில இருக்கணும், ஓவியேதோ கதீட்ரல்லயே வாங்கிக்கலாம், தங்கற இடத்துல எல்லாம் அதுல முத்திரை குத்திக்கணும். (அந்த கதீட்ரல் சால்வதோர், அதாவது ரட்சகர் பேர்ல இருக்கறது. சாண்டியாகோவுக்குப் போய் சால்வதோர பாக்காதவன் வேலைக்காரன பாத்துட்டு எஜமானன விட்டுட்டான்னு அந்த ஊர்ல ஒரு பழமொழியே உண்டு, அதனால அட்டை வாங்கற சாக்குல உள்ள போய் ஒரு கும்பிடும் போட்டுருங்க.)

இந்த சத்திரங்கள்ல முனிசிபாலிட்டி நடத்தறது, சாண்டியாகோ இருக்கற கலீசியா மாநில எல்லை தாண்டினப்புறம் அந்த மாநில அரசு நடத்தறது, தனியார் நடத்தறதுன்னு இருக்கு. கலீசியா அரசு சத்திரத்துல தனியா போற ஆளுங்க முன்கூட்டி இடம் போட முடியாது, முந்தினவனுக்கு கட்டில். மதியம் 1 மணிக்கு திறப்பாங்க, ராத்திரி 10 மணிக்கு கதவ சாத்திருவாங்க, காலைல 8 மணிக்கெல்லாம் மூட்டைய கட்டணும், ஒரு ராத்திரிக்கு மேல கிடையாது. வாடகை 10 யூரோ பக்கம், தலகாணிக்கும் மெத்தைக்கும் தூக்கிப் போடற உறை குடுப்பாங்க, போர்வை நம்மது. தனியார் சத்திரம்னா 15லேருந்து 20 யூரோ வரைக்கும் வரும், ஆனா வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டா கட்டில ஒதுக்கி வச்சிருவாங்க.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். பிரெஞ்சு வழியில கட்டில் கிடைக்கலன்னா காரணம் கூட்டம். இங்க காரணம் தூரம். ஊருக்கு ஊர் இருக்கறது ஒண்ணு ரெண்டு சத்திரம், அது நிரம்பிட்டா அடுத்த கட்டில் பத்து பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும், 25 கிலோமீட்டர் நடந்து கால் கெஞ்சறப்ப அந்த பன்னெண்டு கிலோமீட்டர் தான் அழ வைக்கும். அதனால எந்தெந்த இடத்துல ஊருக்கும் ஊருக்கும் இடைவெளி பெருசோ, எங்க கூட்டம் சேருமோ, அந்த ராத்திரிய மட்டும் முன்னாடியே போட்டுட்டு மத்தத சும்மா விட்டுருங்க. என் கணக்குல அது ஓவியேதோல முதல் ராத்திரி, அப்புறம் 'ஓஸ்பிதாலேஸ்' மலை ஏறறதுக்கு முந்தின ராத்திரி (காம்பியேல்யோ இல்லன்னா போரெஸ்), மலை இறங்கினதும் பெர்துசேதோ, கடைசியா பிரெஞ்சு வழிக் கூட்டம் வந்து சேர்ற மெலிதேங்கற ஊருக்கு அப்புறம் வர்ற ரெண்டு மூணு ராத்திரி. மீதிக்கு முந்தின நாள் சாயங்காலம் மெசேஜ் போட்டா போதும். ஊர் வாரியா எங்க எத்தன கட்டில், எந்த மாசம் திறந்திருக்கும், போன் நம்பர் என்ன, எல்லாம் கிரான்ஸேங்கற ஸ்பானிஷ் சைட்ல இருக்கு, போன்ல மொழிபெயர்த்துப் படிச்சுக்கலாம்.

நான் முதல் தடவ போனப்ப பெரிய புத்திசாலி மாதிரி 13 ராத்திரியும் எக்செல்ல போட்டு புக் பண்ணிட்டுப் போனேன், நாலாவது நாள் தினேயோ ஏறி வர்றதுக்குள்ள முட்டி பலாப்பழம் மாதிரி வீங்கிருச்சு, ஒரு நாள் உக்காந்தே ஆகணும்னு ஆனதும் அடுத்த ஒம்போது புக்கிங்கையும் கட்டில்ல படுத்துக்கிட்டே ஒண்ணொண்ணா மாத்த வேண்டியதாப் போச்சு, ரெண்டு இடத்துல காசு திரும்பி வரல. அவங்கள குத்தம் சொல்லவும் முடியாது, நமக்காக கட்டில காலியா வச்சிருந்தவங்க.

இன்னொண்ணு, இந்த வயசுல பைய தூக்க வேண்டாம்னு நினைச்சா அடுத்த ஊருக்கு வண்டில அனுப்பற சர்வீஸ் இருக்கு. ஆனா கலீசியா அரசு சத்திரத்துல அப்படி வர்ற பைய வாங்கி வைக்க மாட்டாங்க. பை முன்னாடி போகணும்னா அன்னைக்கு தனியார் இடம் தான், இது தெரியாம ரோட்ல நின்னவங்கள பாத்திருக்கேன்.

டொரொண்டோவுலேருந்து ஒரு தம்பதி: 'ஓஸ்பிதாலேஸ்' மலைப்பாதைல 25 கிலோமீட்டருக்கு தங்க ஒண்ணுமே இல்லன்னு படிச்சோம். டென்ட் எடுத்துட்டுப் போகலாமா?

வேண்டாம். அஸ்தூரியாஸ்லயும் சரி கலீசியாலயும் சரி, இஷ்டத்துக்கு டென்ட் அடிக்க அனுமதி கிடையாது. அது ஒரு பக்கம், அந்த மலை மேல ராத்திரி தங்கறது நல்ல யோசனையும் இல்ல.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. ஓஸ்பிதால்னா இப்ப ஆஸ்பத்திரின்னு அர்த்தம் பண்ணிக்கறோம், அந்தக் காலத்துல அது யாத்ரீகர் தங்கற சத்திரம். பாரதியேல்யா, ஃபொன்ஃபரயோன், வால்பரயீசோன்னு வரிசையா மலை உச்சில சத்திரம் கட்டி வச்சிருந்தாங்க, பனிலயும் மூடுபனிலயும் மாட்டிக்கிட்டவனுக்கு நெருப்பும் கூரையும் கிடைக்கணும்னு. இன்னைக்கு முழங்கால் உசரத்துக்கு கல்லு சுவர் தான் மிச்சம், அதச் சுத்தி மாடும் குதிரையும் மேயுது. மொத்த வழியிலயும் சத்திரத்துக்குப் பேர் போன இடத்துல தான் இன்னைக்கு ஒரு கட்டில் கூட இல்ல. நான் வால்பரயீசோல அந்த இடிஞ்ச சுவத்துல முதுகு சாச்சு உக்காந்து ரொட்டியும் சீஸும் சாப்ட்டேன், காத்து அடிச்ச அடிக்கு அந்த அரைச் சுவரே பெரிய உபகாரமா இருந்துச்சு.

அதனால திட்டம் இப்படி வச்சுக்கோங்க. முந்தின ராத்திரி காம்பியேல்யோ இல்ல போரெஸ். போரெஸ்ல முனிசிபல் சத்திரம் ரொம்ப சாதாரணம், ஆனா மலைக்கு கிட்ட. காம்பியேல்யோல சாப்பாடு, கடை எல்லாம் உண்டு, மூணு நாலு கிலோமீட்டர் கூட நடக்கணும், அவ்ளோ தான். நான்னா சாப்பாடு பக்கம் தான் சாய்வேன். காலைல வெளிச்சம் வந்ததும் கிளம்பி, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, மதிய சாப்பாடு கட்டிக்கிட்டு, சாயங்காலம் பெர்துசேதோல போய் விழுந்துடலாம். பெர்துசேதோ ஃபுல்னா இன்னும் நாலஞ்சு கிலோமீட்டர் தள்ளி லா மேசாங்கற குட்டி ஊர்ல ஒரு சத்திரம் இருக்கு.

மூடுபனி போட்டுருந்தா மட்டும் வீரம் காட்டாதீங்க. போரெஸ் தாண்டினதும் வழி ரெண்டா பிரியும், ஒண்ணு மலை மேல, இன்னொண்ணு போலா தே அல்யாந்தேங்கற ஊர் வழியா. அந்த ஊர்ல ஓட்டல், சத்திரம் எல்லாம் இருக்கு, ராத்திரி அங்க தங்கி மறுநாள் 1,146 மீட்டர் பாலோ கணவாய் ஏறினா மேல போற வழியோட அங்கயே போய்ச் சேர்ந்துக்கலாம். ஒரு நாள் கூட ஆகும், ஆகட்டுமே. சத்திரக்காரர்கிட்ட முந்தின ராத்திரி "நாளைக்கு மேல போலாமா?"ன்னு கேளுங்க, அவரு ஜன்னல் வழியா வானத்தப் பாத்துட்டு தலைய ஆட்டறத வச்சு முடிவு பண்ணிக்கலாம், எந்த வெதர் ஆப்பும் அதுக்கு ஈடில்ல.

நாகர்கோவில் வாசகி: 34 வயசு, ஸ்கூல் டீச்சர். தனியா போக ஆசை. ஆம்பள பொம்பள எல்லாரும் ஒரே ஹால்லயா படுப்பாங்க? வீட்ல சொன்னா விட மாட்டாங்க.

ஆமா மேடம், ஒரே ஹால் தான், அத மறைச்சு என்ன பண்றது. டாய்லெட், குளிக்கற இடம் பெரும்பாலும் தனித்தனியா இருக்கும், சின்ன சத்திரத்துல பொதுவா கூட இருக்கலாம். முதல் ராத்திரி கூச்சமா இருக்கும், எல்லாரும் காலு கொப்புளத்துக்கு ஊசி நூல் கோத்துக்கிட்டு ஒம்போது மணிக்கே குறட்டை விட ஆரம்பிச்சதும் அது போயிரும். என் கூட நடந்த தோழி ஒருத்தி சொன்ன யோசனை, போனதும் சத்திரத்த பாத்துக்கறவங்ககிட்ட (ஒஸ்பிதாலேரோம்பாங்க, பொம்பளைன்னா ஒஸ்பிதாலேரா) ஓரமா கீழ்க்கட்டில் கேட்டு வாங்கிட்டு ஒரு பெரிய துப்பட்டாவ மேல்கட்டில் கம்பில சொருகி திரை மாதிரி தொங்க விட்டா தனி ரூம் மாதிரி ஆயிரும்.

கூட்டமில்லாத வழியில ஒரு நல்லது என்னன்னா, தங்கற இடம் கம்மிங்கறதால அதே பத்துப் பதினஞ்சு பேர தான் தினம் ராத்திரி பாப்பீங்க. மூணாவது நாள் நீங்க வர லேட்டானா "அந்த இந்தியப் பொண்ணு எங்க?"ன்னு கேக்க ஆள் இருக்கும். பகல்ல தான் மணிக்கணக்கா மனுஷ வாடையே இல்லாம நடக்க வேண்டி வரும், அதுக்கு ஸ்பெயின் போலீஸோட அலெர்ட்காப்ஸ் ஆப்ப போன்ல போட்டு வச்சுக்கோங்க, அவசரத்துக்கு 112. நாலு நாளைக்கு ஒருக்கா 'பென்சியோன்' எனப்படற சின்ன லாட்ஜ்ல தனி ரூம் எடுத்து கதவ தாப்பா போட்டுட்டு தூங்குங்க, சல்வார தோய்ச்சுப் போட்டு நிம்மதியா இருக்கலாம். வீட்ல என்ன சொல்றதுங்கறது உங்க பாடு, அதுல நான் தலையிடல.

மதுரை வாசகர்: 'தொனதீவோ' சத்திரம்னா இலவசம் தானே? அத மட்டுமே வச்சு போயிரலாம்ல?

இலவசம் இல்ல தம்பி. விலை எழுதி ஒட்டலங்கறதால ஓசின்னு அர்த்தமில்ல, இஷ்டப்பட்டத உண்டியல்ல போடற ஏற்பாடு அது. இன்னைக்கு நீங்க போடற காசுல தான் நாளைக்கு வர்றவனுக்கு பருப்பு வேகும். சாலாஸ் தாண்டி ஏழு கிலோமீட்டர் மாதிரி ஏறினா பொதெனாயான்னு ஒரு குக்கிராமம், அங்க ஒரு தொனதீவோ சத்திரம் இந்த வழியில ரொம்பப் பேர் போனது. அழுக்குத் துணிய வாங்கி தோய்ச்சுக் குடுப்பாங்க, ராத்திரி எல்லாரும் ஒரே மேஜைல சாப்பாடு, நாளைக்கு எத்தன மணிக்கு எழுந்திரிக்கறதுன்னு எல்லாரும் கூடிப் பேசி ஒரே நேரத்துல எழுந்திரிப்பாங்க. இத்தனையும் பண்றவங்க பெட்டில ஒரு யூரோ காசப் போட்டுட்டு போட்டோ எடுத்துட்டுப் போறவங்களும் இருக்காங்க. என் கணக்கு, தனியார் சத்திரம், ராத்திரி சாப்பாடு, காலை டிபன் சேர்த்து என்ன ஆகுமோ அத போடறது. கையில நிஜமாவே இல்லாதவன் கம்மியா போடலாம், ஏற்பாடே அவனுக்காக தான். பிளைட் டிக்கெட் எடுத்து வந்த நமக்கு இல்ல. அதுவும் போக, வழி நெடுக தொனதீவோ கிடையாது, அத மட்டும் நம்பிப் போக முடியாது.

கோவை வாசகர்: விசாவுக்கு எல்லா ராத்திரிக்கும் தங்கற இடம் காட்டச் சொல்றாங்க. அரசு சத்திரத்துல முன்பதிவே இல்லன்னா எத காட்டறது?

மேல சேலத்து அண்ணன்கிட்ட எல்லாத்தையும் புக் பண்ணாதீங்கன்னேன், விசான்னு வந்தா கதை வேற. ஏஜெண்ட் யாராவது டம்மி புக்கிங் போட்டுத் தர்றேன்னு சொன்னா ஓடிருங்க, பொய்ப் பேப்பர்னு தெரிஞ்சா இந்த விசா மட்டும் போகாது, அடுத்ததும் போயிரும். நான் பண்ணது, வழியில இருக்கற ஓரளவு பெரிய ஊர்கள்ல (ஓவியேதோ, கிராதோ, சாலாஸ், தினேயோ, போலா தே அல்யாந்தே, கிராந்தாஸ் தே சலீமே, ஃபொன்சக்ராதா, லூகோ, மெலிதே, சாண்டியாகோ) கேன்சல் பண்ணா காசு திரும்பக் கிடைக்கற பென்சியோன், தனியார் சத்திரம் பாத்து நிஜமாவே போட்டுட்டு, இடைல வர்ற ஊருக்கு தனியார் சத்திரக்காரர் அனுப்பின ஈமெயில் உறுதிய பிரிண்ட் எடுத்து, தேதி வாரியா எங்கேருந்து எங்க எத்தன கிலோமீட்டர்னு ஒரு பக்கம் டைப் பண்ணி மேல வச்சேன். கேள்வி எதுவும் வரல. விசா வந்தப்புறம் திட்டம் மாறினா வேண்டாத ராத்திரிய சீக்கிரமா கேன்சல் பண்ணுங்க, எட்டு ரூம் வச்சுப் பொழைக்கற ஆளுக்கு ஒரு ரூம் காலியா கிடந்தா அடி தான்.

கும்பகோணத்துலேருந்து ஒரு மாமி: நாங்க சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. சத்திரத்துல சமைச்சுக்கலாமா?

சமைக்கலாம் மாமி, பாத்திரம் இருந்தா! கலீசியா அரசு சத்திரத்துல கிச்சன் பளபளன்னு இருக்கும், அடுப்பு இருக்கும், அலமாரிய திறந்தா ஒரு கரண்டி இருக்காது, இது காமினோல ஊரறிஞ்ச சமாச்சாரம். லேசான அலுமினிய சட்டி ஒண்ணும் ரெண்டு ஸ்பூனும் கையோட கொண்டு போங்க. தனியார் சத்திரம் புக் பண்றப்பவே கிச்சன் உண்டா, பாத்திரம் உண்டான்னு ரெண்டு கேள்வியா கேளுங்க, ஒரே கேள்வியா கேட்டா "உண்டு"ன்னு சொல்லிட்டு விட்டுருவாங்க.

கடைல தான் உஷார். மதியம் ரெண்டு மணிக்கு சாத்தினா சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தான் திறப்பாங்க, ஞாயித்துக்கிழமை திறக்கவே மாட்டாங்க, குட்டி ஊர்ல கடையே இருக்காது. ஓட்டல்ல 'என்சலாதா மிக்ஸ்தா'ன்னு சாலட் கேட்டா மேல மீன தூவிக் கொண்டு வருவாங்க, 'சின் அதூன்' (சூரை மீன் இல்லாம) 'சின் வேவோ' (முட்டை இல்லாம) ரெண்டையும் சேர்த்துச் சொல்லணும். கறி வேண்டாம்னு மட்டும் சொன்னா பன்னித்தொடை சீவல வச்சுக் குடுத்துட்டு இது கறியில்ல, 'ஹமோன்'னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க, கெட்ட எண்ணம் இல்ல, அவங்க கணக்கு அப்படி. கலீசியா கீரை சூப்புல பன்னிக் கொழுப்பு உண்டு, டப்பால அடைச்ச பயறுல சொரீஸோ (பன்னிக்கறி சாசேஜ்) துண்டு கிடக்கும், லேபிள பாக்காம வாங்காதீங்க. ரொட்டி, சீஸ், தக்காளி, பழம், வெறும் கொண்டைக்கடலை டப்பா, கூட நீங்க கொண்டு போற பருப்புப்பொடி, ஊறுகாய், இத வச்சு ரெண்டு வாரம் ஓட்டிரலாம். நான் அப்படி ஓட்டினவள கூடவே இருந்து பாத்தேன், மூணு கிலோ இளைச்சா, அது வேற விஷயம்.

பெங்களூரு வாசகர்: ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது. கட்டில் இருக்கான்னு எப்படிக் கேக்கறது?

"ஐ காமா?" அவ்ளோ தான். காமான்னா கட்டில், நமக்கு வாயில வர கொஞ்சம் கூச்சமா இருக்கும், பழகிரும். பதில் "கம்ப்ளேத்தோ"ன்னு வந்தா ஃபுல். கட்டில் கிடைச்சா பைய கீழயே வச்சுட்டு, மெத்தை ஓரத் தையல்ல டார்ச் அடிச்சு மூட்டப்பூச்சி இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் விரிங்க. காதுக்கு அடைப்பான் கட்டாயம்.

சிங்கப்பூர் வாசகர்: மெலிதேல பிரெஞ்சு வழி கூட்டம் வந்து சேர்ந்துக்குமாமே. பத்து நாள் அமைதியா நடந்துட்டு கடைசி மூணு நாள் கட்டிலுக்கு அடிச்சுக்கணுமா?

நிஜத்தச் சொன்னா லூகோலயே முகம் மாற ஆரம்பிச்சிரும். சான்றிதழுக்கு கடைசி 100 கிலோமீட்டர் நடந்தா போதுங்கறதால லூகோலேருந்து கிளம்பற கூட்டம் தனியா உண்டு. லூகோ வர்ற அன்னைக்கே ஒரு நீட்டு நடை இருக்கு, ஓ காதவோலேருந்து 30 கிலோமீட்டர் சுமாரு, எட்டு கிலோமீட்டர்ல காஸ்த்ரோவெர்தேல அரசு சத்திரம் ஒண்ணு, அத விட்டா ஊர் வரைக்கும் பெருசா எதிர்பாக்காதீங்க. ஆனா லூகோல ஒரு ராத்திரி கூடவே தங்கலாம், ரோமாபுரி காலத்துக் கோட்டைச் சுவர் ரெண்டு கிலோமீட்டருக்கு மேல ஊரச் சுத்தி அப்படியே இருக்கு, 2000ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது, சாயங்காலம் அது மேலயே ஒரு ரவுண்டு நடக்கலாம், நடந்து வந்த கால் கேட்டா.

மெலிதேக்கு அப்புறம் அர்சூவா, ஓ பெத்ரூசோ ரெண்டு ஊர்லயும் கட்டில் நிறைய, ஆளும் நிறைய, ஜூலை ஆகஸ்ட்ல ஒரு வாரம் முன்னாடியே போட்டுருங்க. 2027 வேற யாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயித்துக்கிழமை வர்றதால புனித வருஷம், அந்த வருஷம் போறவங்க இன்னும் சீக்கிரமா முழிச்சுக்கணும். மே, செப்டம்பர்னா கொஞ்சம் மூச்சு விடலாம். குளிர்காலத்துல அமைதின்னா அமைதி, ஆனா தனியார் சத்திரம் பலது சாத்திருக்கும்.

கூட்டத்த இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடணும்னா ஒரு குறுக்கு வழி இருக்கு. லூகோலேருந்து மெலிதே பக்கம் போகாம வடமேற்கா ஃபிரியோல் வழியா சோப்ராதோ தோஸ் மொன்ஷெஸ் வரைக்கும் ரெண்டு நாள் நடை. அங்க சிஸ்டெர்சியன் துறவிகள் மடம், கதீட்ரல் கணக்கா பெரிய கோயில், மடத்துக்குள்ளயே யாத்ரீகர் சத்திரம். சாயங்கால ஜெபத்துக்கு போய் உக்காந்தா வயசான துறவிங்க பாடறது அந்தக் கல்லு மண்டபத்துல எதிரொலிக்கும், மொழி புரியலன்னாலும் எழுந்து வர மனசு வராது. மறுநாள் அர்சூவால கூட்டத்தோட கலந்துதான் ஆகணும், அதுக்கு மேல தப்பிக்க வழியில்ல. ஒண்ணே ஒண்ணு, ஃபிரியோல்ல தங்கற இடத்த விரல் விட்டு எண்ணிரலாம், அதனால லூகோ கோட்டைச் சுவர்ல ரவுண்டு அடிக்கப் போறதுக்கு முன்னாடியே அந்த போன போட்டு முடிச்சிருங்க.